வீட்டில் ஆபீஸ், ஆபீசில் நாய்

கேள்வி: 9 ஜூன் 2024

மார்த்தாண்டம் பக்கம் வாடகை வீடு. அடுத்த மாதத்திலிருந்து முழுக்க வீட்டிலிருந்தே வேலை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பத்துக்குப் பத்து அறை ஒன்று சும்மா கிடக்கிறது. கூடவே ஒன்றரை வயது லாப்ரடார். மேசை, நாற்காலி, மேசைக்கடியில் நாய்க்கு ஒரு நல்ல மெத்தை, இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது வேண்டுமா? அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

பதில்: 9 ஜூன் 2024, இரவு

மெத்தையை மட்டும் இப்போது வாங்காதே தம்பி. மீதியை அப்புறம் சொல்கிறேன். நாளை மறுநாள் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டி வேலை கழுத்தைப் பிடிக்கிறது.

12 ஜூன் 2024

சரி, 11 கழிந்தது.

எனக்கு ஊர் தக்கலைக்குப் பக்கம். கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது தொழில். 2020 ஊரடங்கில் பஜாரில் இருந்த வாடகை மாடியைக் காலி செய்துவிட்டு வீட்டுச் சாய்ப்புக்கு வந்தேன், திரும்பிப் போகவில்லை. சாய்ப்பு என்றால் ஓட்டு வீட்டின் மேற்குப் பக்கம் சரித்து இறக்கிய அறை. எட்டடி அகலம், பதினான்கடி நீளம். மேலே பலகைத் தட்டு. அப்பா காலத்தில் தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும் கிடந்த இடம். தரை சிவப்பு சிமெண்டு.

நாயின் பெயர் மட்டி. மட்டி என்றால் முட்டாள் என்றும் அர்த்தம் உண்டு, ஆனால் திட்டவில்லை, பெயரே அதுதான். 2021 நவம்பர் மழையில் ஊரெல்லாம் வெள்ளமாய் நின்றபோது கிணற்றடியில் வந்து ஒண்டிய குட்டி. வந்த அன்றே, அம்மை (அம்மாதான்) சாமிக்கு வைத்திருந்த மட்டி வாழைப்பழத்தில் நாலைத் தோலோடு தின்றது. வெளியூர்க்காரர்கள் "பாவம், வாயில்லாத ஜீவனை ஏன் வைகிறீர்கள்" என்பார்கள். நம் மட்டிப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விளக்கம் சொல்வது கொஞ்சம் லேசாகியிருக்கிறது.

மெத்தை கதைக்கு வருகிறேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து, ஓரமெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை ஒன்றை வரவழைத்தேன். மேசைக்கடியில் போட்டேன். மட்டி மோந்து பார்த்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, போய் வாசற்படிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டது. அடுத்த ஒரு மாதம் அந்த மெத்தை இருந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் படுத்தது. நாயின் உடம்புச் சூடு நம்மைவிட அதிகம், 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் அதற்குச் சாதாரணம். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், மீதிச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் தள்ள வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த இரைப்புக்கும் பாதிப் பலன்தான். அதன் மேல் நான் பஞ்சு மெத்தையை நீட்டினால் அது என்ன செய்யும்?

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வாரம் அறையைக் காலியாகப் போடு. கதவைத் திறந்து வை. காலையில் எங்கே படுக்கிறது, மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கே நகர்கிறது, மழை பெய்தால் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள். சாக்பீசால் வட்டம் போட்டுக்கொண்டாலும் தப்பில்லை, நான் போட்டேன். அதன் பிறகு மேசையை வை. நாயின் இடத்தை முதலில் முடிவு செய், உன் இடம் இரண்டாவது.

இன்னொன்று. பெயின்ட் அடிப்பதாக இருந்தால் வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அடித்துவிடு. போன வருஷம் சாய்ப்புக்கு வெள்ளையடித்து ஜன்னலுக்கு பெயின்ட் அடித்தபோது மட்டி இரண்டு வாரம் உள்ளே காலே வைக்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்க்கும், காதைச் சாய்க்கும், போய்விடும். அந்த வாடை அதற்கு ஆகவில்லை.

13 ஜூன் 2024

தரை டைல்ஸ் என்று தம்பி இப்போதுதான் எழுதுகிறார். பளபளவென்று வழுக்கும் டைல்ஸ் லாப்ரடாருக்கு ஆகாது. அந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுத் தொந்தரவு வழக்கமாக வருவது, வழுக்கி வழுக்கி எழுந்தால் இன்னும் கெடும். காலிங்பெல் அடித்ததும் அது பாய்வதைப் பார்த்தால் தெரியும், பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் போகும். அறை முழுக்க விரிப்புப் போட வேண்டாம், சூடு. கதவிலிருந்து அது படுக்கும் இடம் வரைக்கும் ஒரு பாதை போலத் தென்னந்தும்பு விரிப்புப் போடு. நம் மாவட்டத்தில் தும்புக்கா பஞ்சம்? அடியில் ரப்பர் ஒட்டியதாகப் பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் விரிப்போடு சேர்ந்து வழுக்கிப் போய்ச் சுவரில் முட்டும்.

எங்கள் சிவப்புத் தரை வழுக்காது, குளிர்ச்சி. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையில் முகம் பார்க்கலாம். நல்ல வேளை, எங்கள் தாத்தாவுக்கு அவ்வளவு வசதி இல்லை.

20 ஜூன் 2024

3பி நாள், ஜிஎஸ்டி மாதத் தாக்கலுக்குக் கடைசி நாள். ஒன்பது கடை பாக்கி. மட்டி காலடியில் தூங்குகிறது. யாரும் எதுவும் கேட்காதீர்கள்.

27 ஜூன் 2024

வயர் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

மட்டி குட்டியாக இருந்தபோது லேப்டாப் சார்ஜரைக் கடித்தது. கையும் களவுமாக, இல்லை, வாயும் களவுமாகப் பிடித்தேன். பிழைத்ததற்கு அதன் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. சார்ஜரில் கட்டைக்கு அந்தப் பக்கம் லேப்டாப்புக்குப் போகும் ஒல்லி வயரில் இருபது வோல்ட் போலத்தான் ஓடும், சுவர்ப் பக்கத்துத் தடி வயரில் 230. அது கடித்தது ஒல்லி வயரை. அன்றைக்கே எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, கசிவு வந்தால் தானே அணைக்கும் சுவிட்ச் போடச் சொன்னேன். அவர் வாயில் அது ஈஎல்சிபி, பெட்டியில் ஆர்சிசிபி என்று எழுதியிருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்க வேண்டும். வாடகை வீடாக இருந்தாலும் இதற்கு வீட்டுக்காரரிடம் மல்லுக்கட்டு தம்பி. நாய்க்கு மட்டும் இல்லை, உனக்கும்தான்.

மற்ற வயரையெல்லாம் முக்கால் இஞ்ச் பிவிசி குழாய்க்குள் விட்டு, மேசையின் பின்காலோடு கட்டிவிட்டேன். பார்க்க அழகாக இருக்காது. பார்க்க வருகிறவர்களும் கணக்குப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகும் மூன்று தடவை நெட் வயரைக் கடித்துத் துண்டாக்கியது. வளர்ந்த நாய், தின்னக் குறைவில்லை, ஆனாலும் அந்த நீல வயர் மேல் என்ன ஆசையோ. இரண்டு தடவை நன்றாக அடி வாங்கியது. இப்போது அந்தப் பக்கம் போவதில்லை.

28 ஜூன் 2024

அடித்ததற்கு நாலு பேர் என்னை வைதிருக்கிறீர்கள். வாங்கிக்கொள்கிறேன்.

3 ஜூலை 2024

இன்வெர்ட்டர் பேட்டரி எங்கே வைப்பது? அறைக்குள் வேண்டாம். நான் முதலில் மேசைக்கடியில்தான் வைத்திருந்தேன், இடம் மிச்சம் என்று. தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அதற்குக் காற்றோட்டம் வேண்டும். மேல்மூடி ஓரத்தில் கசிந்து வெள்ளையாகப் பூத்திருப்பதை நாய் நக்கினால் வாய் வெந்துபோகும். இப்போது பேட்டரி வெளித்திண்ணை மூலையில், கம்பிக் கூட்டுக்குள். விற்ற கடைக்காரரிடம் அன்றைக்கே கேட்டேன், "மேசைக்கடியிலயே வைக்கலாம் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகாது.

நாற்காலிச் சக்கரம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வால் ஒரு தடவை மாட்டியது. அந்த அலறலை எதிர்முனையில் இருந்த சென்னை ஆடிட்டரும் கேட்டார். சக்கரத்தைக் கழற்றி ரப்பர் புஷ் போட்டுவிட்டேன். நகர வேண்டுமானால் எழுந்துதான் நகர வேண்டும், என் தொந்திக்கு அதுவும் நல்லது.

14 ஜூலை 2024

இதுதான் பெரிய தலைவலி: காலை பத்து மணி, மீன்காரர்.

குளச்சலில் இருந்து பைக்கில் பெட்டி கட்டி வருகிறவர். ரப்பர் ஹாரனை "பாம் பாம்" என்று அமுக்குவார். சாளை வாசனை வருவதற்கு முன்பே, ஹாரன் எனக்குக் கேட்பதற்கும் முன்பே, மட்டிக்குத் தெரிந்துவிடும். ஆடிட்டரின் மீட்டிங்கும் பத்து மணிக்குத்தான். "உங்கள் வீட்டில் யாருக்கோ கோபம்" என்பார் அவர்.

எல்லாரும் சொல்லும் வைத்தியத்தைச் செய்தேன். ஜன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டினேன், தெரு தெரியாவிட்டால் குரைக்காதாம். குரைப்பு இரண்டு மடங்கானது. காது கேட்கிறது, மூக்குக்குத் தெரிகிறது, கண்ணுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்றால் யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். நான்காம் நாள் ஸ்டிக்கரைச் சுரண்டினேன். பசை இன்னும் போகவில்லை.

பிறகு செய்தது வேறு. மேசையைத் திருப்பிப் போட்டேன். முன்பு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், முதுகு வாசலுக்கு. மட்டிக்கு அது பெரிய குறையாக இருந்திருக்க வேண்டும். வாசலை யார் பார்ப்பது? அது பார்த்தது. இப்போது நான் வாசலைப் பார்த்து உட்காருகிறேன், அது எனக்கும் வாசலுக்கும் நடுவில், இரண்டு பேரும் தெரிகிற மாதிரி ஒருக்களித்துப் படுக்கிறது. யாராவது வந்தால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறது. நான் எழவில்லை என்றால் ஒரு "உர்ர்" மட்டும். மீன்காரருக்கு மட்டும் விலக்கு. அவருக்கு 9.55-க்கே அம்மை மட்டியைப் புறவாசலுக்குக் கூட்டிப் போய்விடுவாள். மீன் தலை கிடைக்கும், நிறைய நேரம் எடுத்துத் தின்னும், மீட்டிங் முடிந்துவிடும்.

மேசையைத் திருப்ப இரண்டு ஆள் வந்தார்கள். அயினி மரம், அப்பா போட்டது. ஆளுக்கு இருநூறும் சாயாவும்.

15 ஜூலை 2024

மீன் தலையில் முள் இருக்குமே என்று ஒருவர். அவித்து, முள்ளை எடுத்துவிட்டுத்தான் போடுவாள். மட்டிக்கு எடுக்கிற அளவுக்கு எனக்கு எடுத்துப் போட்டதில்லை.

8 ஆகஸ்ட் 2024

வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி. நல்ல கேள்வி, ஆபீஸ் என்றால் ஆள் வரும்.

சாய்ப்புக்கு அரைக்கதவு போட்டிருக்கிறேன், இடுப்பளவு. பழைய பலகையில் ஆசாரி அரை நாளில் செய்தார். மேல்பாதி வழியாகக் காற்றும் பேச்சும் வரும், நாய் தாண்டாது. சிலருக்கு நாய் என்றால் நடுக்கம், அதைக் கேலி பேசக் கூடாது. தக்கலையில் என் வாடிக்கையாளர் பாதிப்பேர் முஸ்லிம் கடைக்காரர்கள். தொழுகைக்குப் போகிற வழியில் பில் கட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாயின் எச்சில் பட்டால் கழுவிவிட்டுத்தான் தொழ முடியும். அவர்களுக்கு முன்திண்ணையில் தனியாக ஒரு நாற்காலியும் சிறு மேசையும் போட்டுவிட்டேன், மட்டி அந்தப் பக்கம் வருவதில்லை. இதை நான் முதல் வருஷமே செய்திருக்க வேண்டும். ஒரு பெரியவர் மூன்று மாதம் தெருவில் நின்றபடியே கணக்குப் பேசினார், அவசரத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷா வருஷம். அட்டையை உள்ளே வைக்காதே, கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு. பயப்படுகிறவர்களுக்கு அதுவே பாதித் தைரியம்.

11 ஆகஸ்ட் 2024

நாலு மணிச் சாயாவோடு உள்ளிவடையை மேசையில் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: உள்ளி, அதாவது வெங்காயம், நாய்க்கு ஆகாது. சிவப்பணுக்களை உடைக்கும். பூண்டும் அந்த வகைதான். சாக்லேட், உலர்திராட்சை, சைலிடால் போட்ட சர்க்கரையில்லாச் சுயிங்கம், இவை எல்லாமே ஆபீஸ் மேசை இழுப்பறையில் கிடக்கும் சாமான்கள். இப்யூபுரூஃபன் மாத்திரையும்தான். கழுத்து வலி என்று நாம் போட்டுவிட்டு அட்டையை மேசையிலேயே வைத்துவிடுவோம்.

மேசையில் செடி வைக்கிறேன் என்பவர்கள் டம்ப்கேனை வைக்காதீர்கள். மென்றால் வாயும் தொண்டையும் வீங்கும். மணி பிளான்டும் அதே ரகம், கொஞ்சம் லேசு. வெளியே வேலியோரம் அரளி இருந்தால் அது இதயத்தையே பிடிக்கும். மைனி (அண்ணிதான்) தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும்போதெல்லாம் அரளிப் பூ வாங்கி வந்து சாமி படத்துக்குச் சரம் போடுவாள். வாடிய சரம் நேரே குப்பைக் குழிக்குப் போக வேண்டும், முற்றத்தில் எறியக் கூடாது. இதற்காக எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

26 ஆகஸ்ட் 2024

மட்டி மறுபடியும் அறைக்குள் வர மாட்டேன் என்கிறது. மூன்று நாளாயிற்று. வாசலில் நிற்கிறது, காதைச் சாய்க்கிறது, போய்விடுகிறது. பெயின்ட் எதுவும் அடிக்கவில்லை. உடம்பு சரிதான், சாப்பிடுகிறது, தெருவில் ஓடுகிறது. அறைக்கு மட்டும் பகிஷ்கரிப்பு. அம்மை "சாய்ப்பில் ஏதோ இருக்கு மக்களே, அதுக்குத் தெரியுது" என்று பயங்காட்டுகிறாள்.

29 ஆகஸ்ட் 2024, இரவு

அம்மை சொன்னது சரி. சாய்ப்பில் ஏதோ இருக்கத்தான் செய்தது.

கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும். ஓட்டு வீடு, தட்டில் தேங்காய், ஆகவே எலி. எலி விஷக் கட்டியை வைக்க முடியாது. அதில் பெரும்பாலானவை இரத்தம் உறையாமல் செய்து கொல்பவை, நாய் அதைத் தின்றாலும் ஆபத்து, செத்த எலியைத் தின்றாலும் ஆபத்து. தின்றது தெரிந்தால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், வைட்டமின் கே மருந்து நாள்கணக்கில் கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாளைக்கு வெளியே ஒன்றுமே தெரியாது என்பதுதான் அதன் மோசம்.

அதனால் போன வருஷம், நாய்க்கு நல்லது செய்கிறேன் என்று, பிளக்கில் செருகினால் எலியை விரட்டும் கருவி ஒன்று வாங்கினேன். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியாம். வாங்கிய வாரம்தான் பெயின்ட்டும் அடித்தோம். இரண்டு வாரத்தில் அந்த பிளக் பாயின்ட் பிரின்டருக்குத் தேவைப்பட, கருவியைக் கழற்றி இழுப்பறையில் போட்டேன். மட்டி உள்ளே வந்தது. வாடை போயிற்று, நாய் வந்தது என்று நானும் கணக்கை முடித்தேன்.

இந்த மாதம் தட்டில் மறுபடி கடகடவென்று ஓட்டம். 23-ஆம் தேதி அந்தக் கருவியைத் தேடி எடுத்துச் செருகினேன். மட்டி 23-ஆம் தேதி போனது. இன்றைக்கு மத்தியானம் கரன்ட் போனது. இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பாயின்ட் அது. ஐந்து நிமிஷம் இருக்காது, மட்டி தானாக உள்ளே வந்து என் காலடியில் சரிந்தது. கரன்ட் வந்தது. தலையைத் தூக்கியது, எழுந்து வெளியே போனது. எனக்குத் தலைமயிர் நட்டுக்கொண்டது, பேய் பிசாசு பயத்தால் இல்லை.

நமக்குக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். நான் அந்தக் கருவியை என் காலடியில் செருகிவிட்டு, அதன் பக்கத்தில் வந்து நிம்மதியாகப் படு என்று அதைக் கூப்பிட்டிருக்கிறேன். வராததற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தேன்.

ஜூன் 12-இல் பெயின்ட் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். பெயின்ட் வாடை நல்லது என்று சொல்லவில்லை, காற்றாட விட்டுத்தான் நாயை உள்ளே விட வேண்டும். ஆனால் என் வீட்டில் காரணம் அது இல்லை.

30 ஆகஸ்ட் 2024

"எலி போயிற்றா?" என்று கேட்கிறார் ஒருவர். போகவில்லை. எலி அங்கேயேதான் இருந்தது, நாய்தான் போனது.

2 செப்டம்பர் 2024

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று ஞாயிறு, தட்டைக் காலி செய்தோம். தேங்காயை எல்லாம் விறகுப்புரைக்கு மாற்றினோம். தட்டுப் பலகைக்குப் பின்னால் எலிக்கூடு. கூட்டில் தென்னந்தும்பு, கிழிந்த ரசீதுகள், அப்புறம் நீலப் பிளாஸ்டிக் துணுக்குகள். நெட் வயரின் மேல்தோல்.

அது மட்டி கடித்தது இல்லை. ஜூன் 27-இல் எழுதியதையும் அடித்துவிடுங்கள். அடி வாங்கிய இரண்டு தடவையும் அது சும்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு என்னை வைத நாலு பேரும் இன்னொரு முறை வையலாம்.

பெட்டிப்பொறி இரண்டு வாங்கினேன், தேங்காய்ச் சில் வைத்து, நாய்க்கு எட்டாமல் தட்டின் மேல். ஒரே இரவில் இரண்டு.

17 செப்டம்பர் 2024

ஓணத்துக்கு மைனி வீட்டுக்குப் போயிருந்தோம், இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. தம்பி எழுதியிருப்பதைப் பார்த்தேன். லாப்ரடார் அறைக்குள் படுக்காமல் குளியலறை வாசலில் படுக்கிறதாம். அங்கே டைல்ஸ் ஈரமாய்க் குளிர்ந்து கிடக்கும், அதுதான். உன் அறை மேல்மாடி, மேலே மொட்டைக் கான்கிரீட் என்று முன்பே சொல்லியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் அவ்வளவு வித்தியாசம். மத்தியானம் இரண்டுக்கு மேல் அந்த அறை அடுப்பு. ஏசி போட முடியாவிட்டால் வேலையை மாலைக்குத் தள்ளு, அல்லது கீழே ஹாலில் ஒரு மூலையைப் பிடி. நாய் உனக்கு வழி காட்டிவிட்டது. குளியலறை வாசலில் மேசை போட முடியாதுதான், அதற்கு அடுத்த சுவரில் போடலாமே?

முடி பற்றிக் கேட்டிருந்தாய். லாப்ரடார் முடி லேப்டாப் விசிறிக்குள் போய்ச் சுருண்டு அடைக்கும். லேப்டாப்பைத் தரையிலோ மெத்தையிலோ வைக்காதே, மேசையிலும் கொஞ்சம் உயர்த்தி வை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வந்தால் உன் கழுத்துக்கும் நல்லது.

22 அக்டோபர் 2024

துலாம் மழை, அதாவது ஐப்பசி மழை. உண்ணி காலம்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன், இதை எனக்குச் சொன்ன மருத்துவருக்குப் புண்ணியம். நாயின் மேல் இருக்கும் உண்ணியை மட்டும் எடுத்தால் போதாது. பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் சாதி. இரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, சுவரில் மேலே ஏறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாயின் இரத்தத் தட்டணுக்கள் குறையும், மூக்கில் இரத்தம் வரும். எங்கள் பழைய சுவரில் விரிசலுக்கா குறைவு? மேசைக்குப் பின்னால், தரையும் சுவரும் சேரும் இடத்தில், கதவு நிலைப் பொந்தில், வெள்ளைச் சிமெண்டை அப்பிவிட்டேன். மருந்து மருத்துவர் சொல்வதுதான், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

பாச்சா உருண்டையை ஃபைல் அலமாரியில் போடுகிறவர்களும் நிறுத்துங்கள். உருண்டு கீழே விழும், நாய் விழுங்கும், விஷம்.

1 நவம்பர் 2024

நேற்று தீபாவளி. மட்டி நாள் முழுக்க மேசைக்கடியில். மேசையின் மூன்று பக்கமும் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனை வேகமாக வைத்து, ரேடியோவைச் சத்தமாகப் போட்டு, நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து ரசீதுகளை அடுக்கினேன். வருஷத்திலேயே அதிக வேலை நடந்த நாள். பயந்தால் தடவிக் கொடுக்கக் கூடாது, பயம் கூடும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் தடவினேன். கூடவில்லை.

இடிக்கும் இதே ஏற்பாடுதான். இடி கேட்டதும் முதலில் மோடத்தின் அடாப்டரைப் பிடுங்கு, இரண்டாவது நாயைக் கூப்பிடு. எங்கள் வீட்டில் நாய் முந்திவிடும். அது மேசைக்கடியில் நுழைந்தால் நான் பிளக்கைப் பிடுங்குகிறேன், இடி எனக்கு அப்புறம்தான் கேட்கும்.

2 நவம்பர் 2024

சிவப்புப் பந்து வாங்கிக் கொடுத்தேன், புல்லில் போட்டால் தேடத் தெரியவில்லை, மட்டி பெயருக்கு ஏற்ற மட்டிதான் என்று எப்போதோ கேலியாகச் சொன்னதை ஒருவர் பிடித்துக்கொண்டார். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்று என்கிறார். சரிதான். நீலப் பந்து வாங்கியாயிற்று. மட்டி யார் என்பதும் தெரிந்தாயிற்று.

12 டிசம்பர் 2024

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். ஹால் மூலையில் மேசை, குளியலறைச் சுவரை ஒட்டி. நாய் அவர் கால் மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறது. கால் மரத்துப்போகிறது, என்ன செய்வது என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இங்கே நிலவரம் வேறு. நாலு நாளாக மட்டி என் காலடியில் இல்லை. அறைக்குள் வருகிறது, சுற்றுகிறது, கிழக்குக் கதவுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்கிறது. எனக்கு முதுகுப் பக்கம். இழுப்பறையை, பிளக்கை எல்லாம் தேடிப் பார்த்தேன், புதிதாக எதுவும் செருகவில்லை. இன்றைக்கு மத்தியானம்தான் கையை நீட்டிப் பார்த்தேன். மேற்கு ஜன்னலில் காற்றே இல்லை. ஜூனிலிருந்து அந்த ஜன்னல் வழியாக வந்தது தென்மேற்குக் காற்று. இப்போது காற்று வடகிழக்கே இருந்து வருகிறது. ஜூன் மாதம் ஒரு வாரம் சாக்பீஸ் வட்டம் போடச் சொன்னேன் அல்லவா, அதை வருஷத்துக்கு இரண்டு தடவை போட வேண்டும் போலிருக்கிறது.

மேசையைத் திருப்ப ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆள் வருகிறார்கள். இப்போது ஆளுக்கு இருநூற்றைம்பதாம், சாயாவும் உள்ளிவடையும் தனி.